வலிக்காத தேமல்

சென்ற மாதம் ஆய்வுக்காகச் சென்ற நெசவாளர் சங்கமொன்றில், பாவுக்குக் கஞ்சி காய்ச்சும் அங்கத்தினர் ஒருவரின் சுண்டுவிரலில் கொப்புளம் கண்டோம். சுட்டதே தெரியவில்லை என்றார். முழங்கையருகே வெளிறிய தேமல்; ஈராண்டாக அரிப்புமில்லை, வலியுமில்லையாம். அதனாலேயே அசட்டையாக இருந்துவிட்டார். தொழுநோயின் தொடக்கம் பெரும்பாலும் இவ்வாறே.

தேமலில் பஞ்சு பட்டும் உணர்வில்லையெனில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட வேண்டும். 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை அங்கு இலவசம். நோயின் அளவுக்கேற்ப 6 அல்லது 12 மாதங்கள் உண்டால் குணமாகும். மருந்து தொடங்கியபின் பிறருக்குத் தொற்றாது. தறியினின்று எவரையும் விலக்கவேண்டியதில்லை. ஆனால் நெடுநாள் கெட்ட நரம்பை மருந்து மீட்பதரிது. நெசவாளிக்கு விரல் நுனியன்றோ முதல்!

அவ்வங்கத்தினர் இப்போது மாத்திரை உண்டு வருகிறார். சங்கமும் அவருக்குப் பாவு நிறுத்தவில்லை.