டிரிப்ஸ் நின்ற பிறகு: பார்வோவிலிருந்து தேறும் நாய்க்குட்டி

பார்வோ கண்ட நாய்க்குட்டிக்கு டிரிப்ஸ் நின்று, ஊசியைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியத்தில் பாதிதான் முடிந்திருக்கும். மீதி அடுப்படியிலும் வீட்டுத் தரையிலும் நடக்க வேண்டியது. வாலாட்டிக்கொண்டு ஓடி வரும் குட்டியைப் பார்த்தால் நோய் போய்விட்டதாகவே தோன்றும். ஆனால் குடல் அத்தனை சீக்கிரம் தேறுவதில்லை. மலத்தில் வைரஸ் வெளியேறுவதும் நிற்பதில்லை.

1978-இல் தலைகாட்டிய இந்த வைரஸ், பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸுக்கு நெருங்கிய உறவு. இரண்டே ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவியது. இந்தியாவில் 1981-இல் பதிவானது. வேகமாகப் பெருகும் செல்கள்தான் இதன் இலக்கு: எலும்பு மஜ்ஜை, நிணநீர்த் திசு, எல்லாவற்றுக்கும் மேலாகக் குடலின் உட்சுவர். சோற்றின் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளின் அடியில், தேய்ந்த செல்லுக்குப் பதில் புதுச் செல்லை ஓயாமல் உருவாக்கும் குழிகள் உண்டு. வைரஸ் அந்தக் குழிகளையே அழிக்கிறது. உட்சுவர் மொட்டையாகி நீரும் ரத்தமும் வெளியேறுகின்றன. குடலில் இருக்கும் பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழைகிறது. அதே நேரத்தில் வெள்ளை அணுக்களும் சரிந்துவிடுவதால் எதிர்க்க ஆளில்லை. வைத்தியமே இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது குட்டிகள் வரை இறக்கும். டிரிப்ஸ், வாந்தியை நிறுத்தும் ஊசி, ஆன்டிபயாடிக் என்று முறையாகக் கவனித்தால் பத்தில் எட்டு, ஒன்பது பிழைக்கின்றன. முதல் மூன்று, நான்கு நாட்களைத் தாண்டிய குட்டி பெரும்பாலும் தேறிவிடும்.

வீட்டுக்கு வந்த குட்டிக்கு முதல் ஆபத்து பாசம். நாலு நாள் பட்டினி கிடந்ததே என்று ஒரே வேளையில் கிண்ணம் நிறைய வைத்தால், அரைகுறையாக ஆறிய குடல் தாங்காது. வாந்தியும் கழிச்சலும் திரும்பும். நாளைக்கு நான்கு முதல் ஆறு வேளை, ஒவ்வொரு வேளையும் கொஞ்சமே கொஞ்சம் என்பதுதான் கணக்கு. தோலும் எலும்பும் நீக்கிய கோழியை உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்துப் பிய்த்து, குழைந்த சாதத்தில் பிசைந்து கொடுப்பது எந்த வீட்டிலும் முடிகிற காரியம். செட்டிநாட்டு அடுப்படியில் இதற்கென்று தனிச் சட்டி எடுத்து வைப்பது நல்லது. குழம்பில் இருந்து அள்ளிக் கழுவிய கறித்துண்டில்கூட வெங்காயமும் பூண்டும் ஊறியிருக்கும். அவை நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. ரத்தம் இழந்த குட்டிக்கு இரட்டைக் கேடு.

பாலும் பிஸ்கட்டும் குட்டி நாய்க்கான உணவு என்று ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் சுரக்கிறது. அந்த நுனியே இல்லாத நாட்களில் பால் கழிச்சலைத்தான் கூட்டும். எலும்பு, வறுவல், எண்ணெய்ப் பதார்த்தம் எதுவும் வேண்டாம். மலம் கட்டிப்பட்ட பின், ஒரு வாரம் போல எடுத்துக்கொண்டு, வழக்கமான உணவைச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்ற வேண்டும்.

தண்ணீரும் அப்படியே. கிண்ணம் எப்போதும் அருகில் இருக்கட்டும், ஆனால் மடமடவென்று குடிக்க விடக் கூடாது. டாக்டர் சொன்னால் ஓஆர்எஸ் கரைசலைச் சிறுகச் சிறுகத் தரலாம். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு; எனவே ஓஆர்எஸ்ஸுக்கு மாற்று ஆகாது. வாந்தி எடுக்கும் குட்டியின் வாயைத் திறந்து முட்டையோ கஷாயமோ ஊற்றுவது மிக மோசமான கைவைத்தியம். நுரையீரலுக்குள் போனால் அடுத்து நிமோனியா. மனிதர்களுக்கான கழிச்சல் மாத்திரையும் காய்ச்சல் மாத்திரையும் தொடவே கூடாதவை. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளையோ, குட்டி துள்ளுகிறதே என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

குட்டியின் நிலையை ஈறு சொல்லிவிடும். உதட்டைத் தூக்கி, இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்கும் ஈறை விரலால் அழுத்தி விட்டால், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். ஈறு வெளுத்தோ பிசுபிசுத்தோ இருந்தால், பிடரித் தோலை இழுத்துவிட்டதும் மடிப்பு அப்படியே நின்றால், உடம்பில் நீர் போதவில்லை. தினமும் ஒரே தராசில் எடை பார்ப்பது இன்னும் நம்பகமானது. மீண்டும் வாந்தி, ரத்தக் கழிச்சல், சாப்பிட மறுப்பது, 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் காய்ச்சல், வயிற்றைத் தொட்டால் கத்துவது இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொள்வது பார்வோவுக்குப் பின் நேரக்கூடிய சிக்கல். அறுவைச் சிகிச்சை தவிர அதற்கு வழி கிடையாது. மிகச் சிறு குட்டி தள்ளாடினாலோ கைகால் வெட்டி இழுத்தாலோ ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கலாம். ஈறில் குளுக்கோஸைத் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

அடுத்த வேலை தரை. குட்டி தேறிய பிறகும் இரண்டு வாரம் போல மலத்தில் வைரஸ் வரும். அதுவரை தெருவுக்கும் மற்ற நாய்களிடமும் விடக் கூடாது. காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பின்கட்டில் சிமெண்டுத் தரை போட்ட அறை ஒன்று இருந்தால் அதுவே தோதானது. முற்றத்தில் கட்டிப்போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது எளிது. ஆனால் முற்றத்துத் தண்ணீர் தூம்பு வழியாகத் தெருவுக்குத்தான் போகிறது. ஊசி போடாத அத்தனை தெருக்குட்டிகளுக்கும் அங்கே நோய் காத்திருக்கும். மலத்தைக் காகிதத்தில் அள்ளிப் பைக்குள் கட்டி அப்புறப்படுத்திய பிறகே கழுவ வேண்டும்.

பினாயிலும் டெட்டாலும் நல்ல வாசம் தரும், இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. கொழுப்புறை இல்லாத வைரஸ் என்பதால் அவற்றுக்குப் பிடி கிடைப்பதில்லை. குளோரின் கொல்லும். 5 சதவீதத் திரவ ப்ளீச் என்றால் 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர். புதிய பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன். முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்து அழுக்கைப் போக்கி, பிறகு இதை ஊற்றி 10 நிமிடம் ஊற விட்டு, நன்றாக அலச வேண்டும். குட்டி அந்நேரம் வேறு இடத்தில் இருக்கட்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ப்ளீச் நிறத்தை மங்கச் செய்யலாம், ஆசிட் கல்லையே அரிக்கும். அந்தத் தரையில் குட்டியை விடாமல் இருப்பதே மேல். மண்ணை ப்ளீச் போட்டுச் சுத்தம் செய்ய முடியாது. நல்ல வெயில் படும் இடத்தில் வைரஸ் ஏறக்குறைய 5 மாதம், நிழலில் 7 மாதம் வரை தாக்குப்பிடிக்கிறது. மாட்டுக் கொட்டகை ஓரமும் கிணற்றடியும் அந்த இரண்டாவது வகை. செருப்பு, கைலி, சாப்பாட்டுத் தட்டு எல்லாவற்றிலும் அது ஒட்டிப் பயணிக்கும். மனிதருக்கு இது தொற்றாது. குழந்தைகளுக்கு வரும் பார்வோ வைரஸ் வேறு.

பிழைத்த நாய்க்கு இதே நோய் மறுபடி வருவது அரிது. எதிர்ப்புச் சக்தி பல ஆண்டுகள் நிற்கும். ஆனால் டிஸ்டெம்பரும் ரேபீஸும் தனிக் கணக்கு. உடம்பு தேறியதும் அந்த ஊசிகளை எப்போது போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுத் தேதி குறிக்க வேண்டும். குடல் புழு மருந்தும் அப்போதுதான். முழுக்கத் தேறிய நாய்க்கும் வயிறு கொஞ்சம் நொய்ம்மையாகவே இருக்கக்கூடும்: 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், பார்வோ வந்து பிழைத்த நாய்களில் 42 சதவீதத்துக்கு நாட்பட்ட வயிற்றுக் கோளாறு இருந்தது, வராத நாய்களில் 12 சதவீதம்தான்.

அதே வீட்டுக்கு இன்னொரு குட்டி வாங்குவதென்றால் அவசரம் ஆகாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியின் வேலையைத் தடுக்கும். அது குறையும் வாரம் குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் 45-ஆம் நாள் வாக்கில் போடும் முதல் ஊசியோடு நிறுத்தாமல், 2 முதல் 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வார வயது வரை தொடர்கிறார்கள். புதுக்குட்டி அந்தக் கடைசி ஊசியையும் போட்டுக்கொண்டு, பத்து நாள் போல கழித்தே அந்தக் கொல்லையில் கால் வைக்கலாம்.