படைநடைப் பண்

பொம்மசந்திராவுக்கு 2025 ஆம் ஆண்டில் மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, அங்குள்ள ஆலைகளில் பணிபுரியும் தமிழன்பர்களுக்குப் பெங்களூரின் நடுப்பகுதி எட்டும் தொலைவில் வந்துவிட்டது. சுதந்திர தினத்தன்று அவர்கள் மானெக்ஷா அணிவகுப்புத் திடலுக்குச் சென்றால் பாண்டு வாத்தியம் முழங்கக் கேட்கலாம். அதனை வெறும் ஆரவாரமென ஒதுக்குவோர் உளர். அதற்கும் நமக்கும் உள்ள உறவை அறிந்தவர்க்கு அவ்வாறு ஒதுக்க மனம் வராது.

1809 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே தண்டு நகரை அமைத்தபோது, சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும், அவர்களைத் தொடர்ந்து வணிகரும் பணியாளரும் திரளாக வந்து குடியேறினர். இந்நகரின் பழந்தமிழ்க் குடும்பங்கள் பல, படை முரசின் பின்னே நடந்து வந்தோரின் வழியினவே. அல்சூர் ஏரிக்கரையில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் வீரர்களை இராணுவத்தார் இன்றும் 'தம்பி' என்றே அழைக்கின்றனர்.

'மார்ச்' என்ற சொல்லுக்கு ஈடு தேடி, மொழிபெயர்ப்பாளனாகிய நான் பன்முறை அலுத்ததுண்டு. நடையும் அதுவே, நடைக்குரிய இசையும் அதுவே. படைநடைப் பண் என்று வைத்துக்கொள்வோம். செவிக்கு முன் கால்களுக்கென்று பிறந்த இசை இது. விரைநடையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 அடி. மெல்நடையில் ஏறக்குறைய அதில் பாதி. பெருமுரசு அதிரும்போது இடக்கால் நிலத்தில் பதிய வேண்டும். அந்த முரசும் கைத்தாளமும் ஐரோப்பியரின் சொந்தப் பொருள்கள் அல்ல. 18 ஆம் நூற்றாண்டில் துருக்கிய ஜானிசரிப் படையினரின் வாத்தியக் குழுக்களைக் கேட்டு அவர்கள் எடுத்துக்கொண்டவை.

நாமும் எடுத்துக்கொண்டோம். சென்னைக் கோட்டையின் பாண்டு வாத்தியத்தைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், அந்த மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். நோட்டுஸ்வரம் எனப்படும் அவை சுமார் நாற்பது. ஆங்கில அரசனை வாழ்த்தும் மெட்டே அவரிடத்தில் தேவியைத் துதிக்கும் 'சந்ததம் பாஹிமாம்' ஆயிற்று. அரசனுக்குரிய வணக்கம் அம்பிகைக்குப் போய்ச் சேர்ந்ததை எந்தத் தளபதியும் தடுக்கவில்லை! தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் மேனாட்டு வாத்தியங்கள் கொண்ட குழுவொன்றையே வைத்திருந்தார். பிற்காலத்தில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் 'இங்கிலீஷ் நோட்டு' மதுரை மணி ஐயர் குரலில் கச்சேரி மேடைகளைக் குதூகலிக்கச் செய்தது.

மலேயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அப்படைக்கு ராம் சிங் டாகுரி இசையமைத்த 'கதம் கதம் படாயே ஜா' என்னும் நடைப்பண், ஆங்கில அரசால் தடைசெய்யப்பட்டது. சுதந்திரம் வந்ததும் தடை நீங்கியது. ஒருகாலத்தில் இராஜத்துரோகமெனக் கருதப்பட்ட அதே பண்ணுக்கு இன்று இந்திய இராணுவம் நடைபோடுகிறது.

டில்லியில் ஆண்டுதோறும் ஜனவரி 29 அன்று, குடியரசு தின விழாவின் நிறைவாக, முப்படைகளின் பாண்டுக் குழுக்கள் வாசிக்கின்றன. அந்நிகழ்ச்சியில் நெடுங்காலம் ஒலித்த 'அபைடு வித் மீ' என்னும் ஆங்கிலத் துதிப்பாடல் 2022 இல் நீக்கப்பட்டது. இந்திய மெட்டொன்று அவ்விடத்தைப் பெற்றது. நம் நாட்டுப் பண்கள் பெருகுவதில் மகிழ்ச்சியே. ஆயினும், அந்தி மயங்கும் வேளையில் அந்த மெல்லிசையைக் கேட்டுப் பழகிய செவிக்கு ஒரு வெறுமை தோன்றத்தான் செய்கிறது. தீட்சிதர் கேட்டிருந்தால் அதற்கும் ஒரு சாகித்தியம் எழுதியிருப்பார் என்றே நினைக்கிறேன்.