'மாமன்' என்னும் சொல்லும் ஓர் ஆராய்ச்சி ஏடும்

'இந்தியச் சமூகவியலுக்குப் பங்களிப்புகள்' என்று தமிழில் பெயர் சொல்லத்தக்க ஆங்கில ஆராய்ச்சி ஏடு ஒன்று 1957ஆம் ஆண்டில் தோன்றியது. அதனைத் தொடங்கியவர்கள் லூயி தூமோன் என்னும் பிரெஞ்சு அறிஞரும், டேவிட் போக்கோக் என்னும் ஆங்கில அறிஞரும் ஆவர். 1966 வரை ஒன்பது இதழ்களே வெளிவந்தன. தொகையிற் சிறிதாயினும் அஃது எழுப்பிய வினா பெரிது. அவ்வினாவிற் பாதி, நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் உறவுச் சொற்களைப் பற்றியது என்பதைத் தமிழாசிரியர் பலர் அறியார்.

தூமோன், போர்க்காலத்தில் ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்தபோதே வடமொழி கற்றவர். போர் முடிந்தபின் தமிழும் பயின்று, 1949, 1950ஆம் ஆண்டுகளில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி ஆராய்ந்தார். அம்மக்களைப் பிறவியிலேயே குற்றவாளிகளென முத்திரையிட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் நீங்கியிருந்தது. போலீசாரின் பதிவேட்டில் கைரேகையாக மட்டும் இருந்த மக்களிடம், மணமுறையும் வழிபாடும் பங்காளி முறையும் எத்துணை ஒழுங்காக அமைந்துள்ளன என்பதை அவர் விரிவாக எழுதினார்.

அங்கே அவர் கேட்ட சொற்களுள் ஒன்று 'மாமன்'. அதுவரை மேல்நாட்டார் இதற்குத் 'தாயின் உடன்பிறந்தான்' என்றே பொருள் எழுதி வந்தனர். நம் பள்ளி அகராதிகளும் பெரும்பாலும் அவ்வாறே கூறும். ஆனால் அத்தையின் கணவனும் மாமன். பெண்ணைக் கொடுத்தவனும் மாமன். மூவரையும் ஒரு சொல் எவ்வாறு தழுவியது? 1953இல் வெளியிட்ட கட்டுரையில் தூமோன் தந்த விடை எளியது: தந்தைக்கு மைத்துனன் எவனோ, அவனே மகனுக்கு மாமன். தந்தையின் தலைமுறை ஆடவர் இரு கூறாகின்றனர். தந்தை, பெரியப்பா, சித்தப்பா ஆகியோர் ஒரு பக்கம். மாமன்மார் மறு பக்கம். முன்னவர் மக்கள் உடன்பிறந்தார் முறை. பின்னவர் மக்கள் மணமுறை. ஆகவே 'மாமன்' என்பது குருதியுறவின் பெயரன்று, கொண்டு கொடுத்த உறவின் பெயர் என்றார் அவர். பங்காளி உறவு தந்தையிடமிருந்து மகனுக்கு வருவதுபோலவே சம்பந்த உறவும் வழிவழியாக வருகிறதென்பது இதன் கருத்து. சித்தியின் கணவனும் ஏன் 'சித்தப்பா' ஆனான் என்பதற்கும் இதிலேயே விடை உண்டு. எல்லாரையும் 'அங்கிள்' என்றழைக்கப் பழகிவிட்ட நம் பிள்ளைகளுக்கு இதனை விளக்கினால், சொல்லோடு ஒரு சமுதாய அமைப்பும் விளங்கும்.

இனி ஏட்டிற்கு வருவோம். இந்தியச் சமூகவியல் என்பது சமூகவியலும் இந்திய நூலாராய்ச்சியும் கூடும் இடத்தில் நிற்பது என்று முதல் இதழ்க் கட்டுரை வாதித்தது. நாட்டின் ஒருமைக்குச் சான்றாக அது காட்டியது வடமொழி வழிப்பட்ட உயர் பண்பாட்டை. இதை மறுத்தவர் எஃப். ஜி. பெய்லி. ஒரிசாவில் பிசிபாரா என்னும் சிற்றூரை ஆராய்ந்த அவர், அதே தலைப்பைக் கேள்விக்குறியுடன் இட்டு 1959இல் அதே ஏட்டிலேயே எழுதினார். ஏட்டின் நேர்மைக்கு இது சான்று. பிசிபாராவில் சாராயம் வடிக்கும் சாதியார், ஆங்கிலேயர் கலால் சட்டத்தால் வாணிகம் பெருகிப் பொருளீட்டி, நிலம் வாங்கி, ஊரில் தம் நிலையையும் உயர்த்திக்கொண்டனர். தீண்டத்தகாதவர் எனப்பட்டோர் பொருளீட்டியும் அவ்வுயர்வு அவர்களுக்குக் கிட்டவில்லை. இத்தகைய மாற்றத்தைப் பழைய நூலெதுவும் முன்னரே கூறிவைக்கவில்லை. மக்களுக்கிடையே உள்ள உறவுகளையே ஆராய்தல் வேண்டும் என்பது பெய்லியின் கட்சி.

இருவருள் எவர் பக்கம் நியாயம்? பொருளால் வரும் மாற்றத்தை அறியப் பெய்லியின் வழியே ஏற்றது என்பது எம் கருத்து. ஆயினும் தூமோனை எளிதில் தள்ளவியலாது. பொருள் சேர்த்தும் ஒரு சாராருக்கு உயர்வு கிட்டாமற் போனதேன் என்று கேட்டால், மக்கள் மனத்திலுள்ள தூய்மை, தீட்டு என்னும் எண்ணங்களுக்குத்தானே திரும்ப வேண்டியிருக்கிறது? நாம் அவரோடு மாறுபடுவது வேறோரிடத்தில். கள்ளர் வாய்ச்சொல்லைக் கேட்டு 'மாமன்' என்பதற்குப் பொருள் கண்டவர், நாட்டின் ஒருமைக்குச் சான்று தேடும்போது வடமொழி நூல்களையே நாடினார். நூலாராய்ச்சி என்றால் தமிழ் நூல்களும் அதில் அடங்காவோ?

1966இல் ஏடு நின்றது. அடுத்த ஆண்டே டி. என். மதன் பொறுப்பில் டில்லியிலிருந்து புதிய வரிசை தொடங்கி, இன்றும் வெளிவருகிறது. முதற் கட்டுரையின் தலைப்பே அதில் நிலையான விவாதப் பகுதியின் பெயராயிற்று. ஏடு பிறந்த 1957ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மொழியில் வந்த தூமோனின் கள்ளர் நூலோ, ஆங்கிலத்தில் வெளிவர 1986 வரை காத்திருக்க நேர்ந்தது.