நாலடித் தண்ணீரில் மிதந்த அரசியல்

1817 ஏப்ரலில் ஆல்பனி நகரத்து அறை ஒன்றில் ஐந்து பேர் ஒரு மசோதாவின் தலையெழுத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் எதை நிறைவேற்றினாலும், இந்த மறுஆய்வுக் குழு தலையாட்டினால்தான் அது சட்டம். அன்று மேசைமேல் கிடந்தது, ஈரி ஏரியையும் ஹட்சன் ஆற்றையும் இணைக்கும் ஈரி கால்வாய் மசோதா. இரண்டு நீதிபதிகள் வேண்டும் என்றார்கள். பொறுப்பு ஆளுநருக்குத் திட்டமே பிடிக்கவில்லை. தலைமை நீதிபதிக்கோ அது வாரி வழங்கிய அதிகாரங்கள் உறுத்தின. ஐந்தாமவர் சான்சலர் ஜேம்ஸ் கென்ட். இவ்வளவு பெரிய வேலை ஒரு மாநிலத்தால் ஆகுமா என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் டேனியல் டாம்ப்கின்ஸ். நேற்றுவரை மாநிலத்தின் ஆளுநர், இன்றைக்கு நாட்டின் துணை ஜனாதிபதி. பிரிட்டனோடு ஆன சமாதானம் நிலைக்காது, இரண்டு வருடத்துக்குள் மறுபடி போர் வரும், பணம் இருந்தால் ஆயுதம் வாங்குங்கள் என்றார். கென்ட் எழுந்தார். போர், கால்வாய் இரண்டில் ஒன்றுதான் என்றால் தன் ஓட்டு கால்வாய்க்கு என்று சொல்லிவிட்டார். மூன்றுக்கு இரண்டு. மசோதா சட்டமானது.

இதை எழுதிவைத்தவர் அந்த அறையில் இருந்த நீதிபதி ஜோனாஸ் பிளாட். அவர் ஆரம்பத்திலிருந்தே கால்வாய்க் கட்சிக்காரர். ஆகவே கதையில் கொஞ்சம் உப்புக் காரம் கூடியிருக்கலாம். ஆனால் ஈரி கால்வாயின் சரித்திரம் முழுக்க இந்த மாதிரிதான் போகிறது. எதிர்க்க வந்தவர் தன்னை அறியாமல் தள்ளிவிட்டுப் போவார்.

ஏன் ஒரு கால்வாய்க்கு இத்தனை பாடு? 1790இல் நடந்த முதல் கணக்கெடுப்பில் அமெரிக்க மக்கள்தொகை 39 லட்சம். 1820இல் 96 லட்சம். பெருகிய கூட்டம் அப்பலேச்சியன் மலையைத் தாண்டி மேற்கே போய்க்கொண்டே இருந்தது. 1800இல் 45,000 பேர் மட்டும் இருந்த ஒஹையோவில் இருபது வருடத்தில் 5,80,000 பேர். மண் கொழுத்த மண், விளைச்சலுக்குக் குறைவில்லை. விளைந்ததை விற்பது எங்கே என்பதுதான் கேள்வி. பஃபலோவிலிருந்து நியூயார்க் நகரத்துக்கு ஒரு டன் சரக்கை வண்டி கட்டி அனுப்ப நூறு டாலர் ஆனது. கோதுமையின் விலையே அவ்வளவு இல்லை. தானியத்தைச் சாராயமாகக் காய்ச்சிப் பீப்பாயில் ஏற்றினால்தான் கட்டுப்படியாகும். 1794இல் பென்சில்வேனியாவின் மேற்குப் பக்கத்து விவசாயிகள் விஸ்கி வரிக்கு எதிராகக் கிளம்பியதும், அவர்களை அடக்க ஜார்ஜ் வாஷிங்டனே சுமார் 13,000 பேர் கொண்ட படையோடு புறப்பட்டதும் இந்த வண்டிக்கூலிக் கணக்கிலிருந்து முளைத்தவைதான்.

வாஷிங்டனுக்கு இன்னொரு பயமும் இருந்தது. மேற்கே போனவர்களின் சரக்கு மிசிசிப்பி ஆற்றோடு தெற்கே போனால் அவர்கள் விசுவாசமும் அதோடு போய்விடும் என்று நினைத்தார். தன் ஊர் வழியாக பொட்டோமாக் ஆற்றைச் சீர்படுத்த 1785இல் கம்பெனியே நடத்திப் பார்த்தார். கடைசிவரை அது லாபம் காணவில்லை. மலைத்தொடரில் தண்ணீர் வழி போடத் தோதான இடைவெளி இருந்தது நியூயார்க்கின் மொஹாக் பள்ளத்தாக்கில்தான்.

அதை விவரமாக எழுதிக் காட்டியவர் ஒரு கடனாளி. ஜெஸ்ஸி ஹாலி மாவு வியாபாரி. சரக்குக் கூலியிலேயே திவாலாகி, கானன்டேகுவாவில் கடன்காரர் சிறையில் இருந்தபடி 1807இலிருந்து 'ஹெர்குலிஸ்' என்ற புனைபெயரில் பத்திரிகைக்குப் பதினான்கு கட்டுரைகள் எழுதினார். கால்வாய் எந்த வழியாகப் போக வேண்டும், என்ன செலவாகும், எல்லாம் அதில் இருந்தது. 60 லட்சம் டாலர் ஆகும் என்றார். ஆனது சுமார் 70 லட்சம். நம் காலத்துத் திட்ட மதிப்பீடுகளைப் பார்த்துப் பழகியவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று அந்தக் கைதிக்கு வணக்கம் வைக்கலாம்.

1809இல் மாநிலத்துப் பிரதிநிதிகள் இந்த யோசனையோடு ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனைப் பார்க்கப் போனார்கள். நல்ல திட்டம்தான், ஆனால் நூறு வருடம் கழித்து வாருங்கள், இன்றைக்கு அதை நினைப்பதே கிறுக்குத்தனம் என்கிற தொனியில் பதில் சொல்லி அனுப்பினார். அடுத்து வந்த ஜேம்ஸ் மேடிசன் காலத்தில், சாலைக்கும் கால்வாய்க்கும் மத்திய அரசுப் பணம் தரும் மசோதா காங்கிரசைத் தாண்டிவிட்டது. 1817 மார்ச் 3, பதவியை விட்டு இறங்குவதற்கு முந்தின நாள், மேடிசன் அதை ரத்து செய்தார். இப்படிச் செலவு செய்ய அரசியல் சாசனம் அதிகாரம் தரவில்லை என்பது அவர் வாதம். கொள்கையில் அவர் நேர்மையானவர்தான். ஆனால் 1812 தேர்தலில் அவரை எதிர்த்து நின்று 128க்கு 89 என்று தோற்றவர் டிவிட் கிளின்டன், நியூயார்க் கால்வாயின் பிரதான வக்கீல். அந்தக் கையெழுத்தில் பழைய கணக்கு கொஞ்சமும் கலக்கவில்லை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

வாஷிங்டனில் கதவு அடைபட்டதும், மாநிலமே கடன் வாங்கித் தோண்டுவது என்று கிளின்டன் இறங்கினார். நியூயார்க் நகர மேயராகப் பல வருடம் இருந்தவர். ஆறடிக்கு மேல் உயரம், படிப்பு, கர்வம். நண்பர்களே அவரைக் குளிர்ந்த ஆள் என்பார்கள். கால்வாயால் அதிக லாபம் அடையப்போகும் நியூயார்க் நகரத்தின் உறுப்பினர்களே மசோதாவை எதிர்த்தார்கள். ஊர்நாட்டுக்காக நாம் ஏன் வரி கட்ட வேண்டும் என்று டேமனி ஹால் கட்சிக்காரர்கள் கேட்டார்கள். எதிரணியில் இருந்துகொண்டு மாநில செனட்டில் ஆதரவாகப் பேசி ஓட்டைத் திருப்பியவர் மார்ட்டின் வான் பியூரன், கின்டர்ஹூக் கிராமத்துச் சாராயக்கடைக்காரர் மகன். கிளின்டன் தன் கர்வத்தை மறந்து அவரிடம் போய் நன்றி சொன்னார். இந்த இருவரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1817 ஜூலை 4, சுதந்திர தினத்தன்று, ரோம் என்ற சிற்றூரில் மண்வெட்டி இறங்கியது. அந்த ஊர் கால்வாயின் இரு முனையிலும் இல்லை, நடுவில் இருக்கிறது. தரை சமம், மண் இளக்கம், படகை ஏற்றி இறக்கும் பூட்டுமதகு அதிகம் வேண்டாம். இரண்டே வருடத்தில் ரோமிலிருந்து யூட்டிகாவுக்குப் படகு ஓடியது. அடுத்த தேர்தலுக்குள் தண்ணீரில் மிதக்கும் படகைக் கண்ணால் காட்டிவிட வேண்டும் என்பது எந்தப் பொறியியல் புத்தகத்திலும் இல்லாத ஞானம்.

பொறியியல் புத்தகம் என்ற ஒன்றே அங்கே யாரிடமும் பெரிதாக இல்லை. தலைமைப் பொறியாளர்கள் பெஞ்சமின் ரைட், ஜேம்ஸ் கெடஸ் இருவரும் நிலம் அளந்து பழகிய உள்ளூர் நீதிபதிகள். கான்வஸ் வைட் என்ற இளைஞர் பிரிட்டனுக்குப் போய், அங்குள்ள கால்வாய்க் கரைகளில் 2,000 மைலுக்கு மேல் நடந்தே பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சிட்டெனாங்கோ பக்கத்தில் தண்ணீருக்குள்ளும் இறுகும் சிமென்ட்டுக்கான சுண்ணாம்புக் கல்லைக் கண்டுபிடித்தார். கால்வாய் முழுக்க அந்தச் சிமென்ட்டில் நின்றது.

363 மைல் நீளம், மேலே 40 அடி அகலம், 4 அடி ஆழம். இடுப்பளவுத் தண்ணீர்தான். ஈரி ஏரி ஹட்சன் ஆற்றைவிட சுமார் 570 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தைப் படகு ஏறி இறங்க 83 பூட்டுமதகுகள், ஆறுகளைத் தாண்ட 18 தொட்டிப்பாலங்கள். லாக்போர்ட்டில் பாறைச் சரிவில் படிக்கட்டு மாதிரி ஐந்து மதகுகள், போவதற்கு ஒரு வரிசை, வருவதற்கு ஒரு வரிசை. வெட்டியவர்கள் முதலில் அக்கம்பக்கத்து விவசாயிகள், பிறகு மேலும் மேலும் ஐரிஷ் கூலிகள். நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவான கூலி, கூடவே விஸ்கி. 1819இல் மான்டசூமா சதுப்பில் காய்ச்சல் வந்து ஆயிரம் பேர் வரை படுத்தார்கள். குளிர்காலத்தில் சதுப்பு உறைந்த பிறகுதான் வேலை வேகம் பிடித்தது.

அதே 1819இல் நாடு முழுக்கப் பொருளாதாரம் சரிந்தது, வங்கிகள் விழுந்தன. கால்வாய்க்கு அது வரமாக வந்தது. ஆள் கூலி இறங்கியது. எதை நம்பிப் பணத்தைப் போடுவது என்று தவித்தவர்களுக்கு மாநிலக் கடன்பத்திரம் பத்திரமான இடமாகத் தெரிந்தது. அந்த வருடம் நியூயார்க்கில் தொடங்கிய சேமிப்பு வங்கி ஒன்று, வேலைக்காரர்களும் தையல்காரர்களும் போட்ட சில்லறையைத் திரட்டிக் கால்வாய்ப் பத்திரம் வாங்கியது. வட்டி கட்ட உப்பு வரியும் ஏல வரியும் இருந்தன. லண்டன் முதலாளிகள் வந்தது, திட்டம் தேறும் என்று தெரிந்த பிறகு.

எதிரிகள் இதைக் கிளின்டனின் சாக்கடை என்று கேலி பேசினார்கள். சாக்கடையில் தண்ணீர் ஏற ஏற அவர்கள் கேலியை விட்டுவிட்டுக் காரியத்தில் இறங்கினார்கள். வான் பியூரன் கட்டிய கூட்டம் ஆல்பனியை ஆண்டது. கொள்கையைவிடக் கட்டுப்பாட்டை மதித்த, பத்திரிகையும் பதவியும் கையில் வைத்திருந்த ஒரு கட்சி இயந்திரம் அது. 1821இல் எழுதிய புதிய மாநிலச் சாசனத்தில் அவர்கள் கை ஓங்கியிருந்தது. கால்வாயைப் பிழைக்கவைத்த அந்த மறுஆய்வுக் குழு ஒழிந்தது. வெள்ளையர்களில் ஏழைகளுக்கும் ஓட்டு வந்தது. கறுப்பினத்தவர் மட்டும் 250 டாலர் சொத்து காட்ட வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அமெரிக்க ஜனநாயகம் விரிந்த காலம் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

1824 ஏப்ரலில் அந்த இயந்திரம் அளவுக்கு மீறி ஓடியது. கூட்டத்தொடரின் கடைசி நாளில் அவசரத் தீர்மானம் போட்டு, பதினான்கு வருடமாகக் கால்வாய் ஆணையராக இருந்த, அப்போது சம்பளம்கூட வாங்காத கிளின்டனை நீக்கிவிட்டார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை. ஊரூராகக் கண்டனக் கூட்டம் நடந்தது. முன்பு ஆளுநராக இருந்து, அரசியலில் செத்துப்போயிருந்தவரைத் தூக்கி நிறுத்தினார்கள். நவம்பரில் 16,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் அவர் மறுபடி ஆளுநர். தோற்ற சாமுவேல் யங்கும் ஒரு கால்வாய் ஆணையர்தான்.

1825 அக்டோபர் 26 காலை, கால்வாய் திறந்துவிட்ட சேதியோடு பஃபலோவில் பீரங்கி வெடித்தது. தந்தி இல்லாத காலம். சத்தம் கேட்கும் தூரத்துக்கு ஒன்றாகக் கரை நெடுக நிறுத்தியிருந்த பீரங்கிகள் ஒன்றையடுத்து ஒன்று முழங்க, சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் சேதி நியூயார்க் நகரத்தை எட்டியது. ஆளுநர் ஏறிய படகு அங்கே போய்ச் சேர ஒன்பது நாள் ஆனது. ஈரி ஏரித் தண்ணீரைப் பீப்பாயில் கொண்டுபோய் நவம்பர் 4 அன்று அட்லாண்டிக்கில் கவிழ்த்தார். வழியில் ரோம் ஊர்க்காரர்கள் மட்டும் துக்கம் கொண்டாடினார்கள். முதல் மண்வெட்டி விழுந்த ஊரை விட்டுக் கால்வாய் அரை மைல் விலகிப் போய்விட்டது. ஊரில் முன்பே இருந்த பழைய கால்வாய் ஒன்றின் தண்ணீரைக் கறுப்புப் பீப்பாயில் நிரப்பி, சத்தம் அமுக்கிய முரசோடு ஊர்வலம் போய்ப் புதிய கால்வாயில் கொட்டிவிட்டு வந்தார்கள்.

கிளின்டன் ஏறி வந்த படகின் பெயர் 'செனெக்கா சீஃப்', செனெக்காத் தலைவன். கால்வாய் ஓடும் நிலம் ஒனைடா, ஒனொன்டாகா, கயூகா, செனெக்கா என்று ஹொடெனொஷோனிக் கூட்டமைப்பு மக்களின் நிலம். 1780களிலிருந்து ஒப்பந்தம் மேல் ஒப்பந்தமாக அது கைமாறியது. பழங்குடி நிலத்தை மத்திய அரசு அனுமதி இல்லாமல் வாங்கக்கூடாது என்று 1790இல் சட்டம் வந்த பிறகும் மாநிலம் நிறுத்தவில்லை. ஊர்வலத்தில் 'நோவாவின் பேழை' என்று இன்னொரு படகு வந்தது. அதில் கரடி, கழுகுகள், மான்குட்டிகள். அவற்றோடு காட்சிக்காக இரண்டு பழங்குடிச் சிறுவர்களும்.

அதன் பின் நடந்தது வெள்ளம். டன்னுக்கு நூறு டாலர் கூலி சில வருடங்களில் பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. 1,500 பேர் இருந்த ராச்செஸ்டர் மாவு ஆலைகளாக நிறைந்து 1830இல் 9,000 பேரைத் தாண்டியது. 1820இல் 1,23,000 பேர் இருந்த நியூயார்க் நகரத்தில் இருபது வருடத்தில் 3,12,000 பேர். மேற்கின் கோதுமை தெற்கே நியூ ஆர்லியன்சுக்குப் போவதற்குப் பதில் கிழக்கே திரும்பியது. இதைப் பார்த்துப் பென்சில்வேனியா, இண்டியானா, இல்லினாய் என்று ஒவ்வொரு மாநிலமும் கடன் வாங்கித் தோண்ட ஆரம்பித்தது. மொஹாக் பள்ளத்தாக்கைக் கடன் வாங்க முடியாது என்பது பிறகுதான் புரிந்தது. 1840களின் தொடக்கத்தில் எட்டு மாநிலங்கள் கடன் கட்ட முடியாமல் கைவிரித்தன.

சுங்கம் வசூலிக்க ஆள், மதகு திறக்க ஆள், கரை பழுது பார்க்க ஆள் என்று கால்வாய் நூற்றுக்கணக்கில் வேலை தந்தது. அந்த வேலைகள் யாருக்கு, கால்வாய்ப் பணம் எந்த வங்கியில் என்பதையெல்லாம் பெரும்பாலும் வான் பியூரனின் கூட்டம் தீர்மானித்தது. வென்றவனுக்கே கொள்ளை என்று 1832இல் அமெரிக்க செனட்டிலேயே பகிரங்கமாகப் பேசிய வில்லியம் மார்சி இந்தக் கூட்டத்து ஆள். 1837இல் வான் பியூரன் ஜனாதிபதியானார்.

கிளின்டன் 1828 பிப்ரவரி 11 அன்று ஆளுநர் பதவியில் இருக்கும்போதே இறந்தார். அவருடைய கல்லறை மேல் தனக்குப் பொறாமை வரும் போலிருக்கிறது என்று வான் பியூரன் வாஷிங்டனில் உருக்கமாகப் பேசினார். அந்தக் கல்லறை கிளின்டனுக்குச் சொந்தமானது அல்ல. கடனோடு போனவருக்கு இடம் வாங்கப் பணமில்லாமல், ஆல்பனியில் வேறொரு குடும்பத்தின் கல்லறையில் வைத்திருந்தார்கள். 1844இல்தான் எடுத்துக்கொண்டுபோய் புரூக்ளினில் அடக்கம் செய்தார்கள்.