டேப்லெட் வாங்க போறீங்களா? 'ஹெச்.டி.'ன்னு சொன்னதும் ஏமாறாதீங்க!

சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் சரி, ஆன்லைனாக இருந்தாலும் சரி, டேப்லெட் அட்டைப்பெட்டியில் 'ஹெச்.டி.', 'புல் ஹெச்.டி.', '4கே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பிள்ளை படிப்புக்காக சிறுகச் சிறுக சேர்த்த பணம். எதைப் பார்த்து வாங்குவது?

திரையில் இருப்பது எல்லாமே குட்டிக் குட்டி புள்ளிகள்தான். ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி என்பதுதான் கணக்கு. 10.1 அங்குல டேப்லெட்டில் 1280x800 என்றால் மொத்தம் சுமார் 10 லட்சம் புள்ளி, அங்குலத்துக்கு 149. அதே சைசில் 1920x1200 என்றால் 23 லட்சம், அங்குலத்துக்கு 224.

கண்ணுக்கு எவ்வளவு போதும்?

நல்ல பார்வை உள்ளவர் 40 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால், அங்குலத்துக்கு சுமார் 220 புள்ளிக்கு மேல் பெரிய வித்தியாசம் தெரியாது. அதற்கு மேல் காசை கொட்டுவது வேஸ்ட்.

அதிக புள்ளி என்றால் பேட்டரியும் அதிகம் தின்னும். 2012-ல் ஆப்பிள் நிறுவனம் ஐபேடின் புள்ளிகளை 4 மடங்காக்கியபோது, பேட்டரியையும் ரொம்பவே பெரிதாக்க வேண்டி வந்தது. டேப்லெட்டும் கொஞ்சம் தடிமனாகிவிட்டது.

படமா, படிப்பா?

யூடியூப், கார்ட்டூன் மட்டும் என்றால் 1280x800 தாராளம். பாடப்புத்தக பி.டி.எப். படிக்கணும்னா 1920x1200 பார்த்து வாங்குவது நல்லது. முழுப் பக்கமும் திரைக்குள் சுருங்கும்போது தமிழ் எழுத்தின் சுழியும், மேலே வைக்கும் புள்ளியும்தான் முதலில் மங்கும். மங்கலாக இருந்தால் பிள்ளை ஒவ்வொரு வரியையும் இழுத்துப் பெரிசாக்கித்தான் படிக்கணும்.

'4கே சப்போர்ட்' என்றால்?

4கே வீடியோ ஓடும் என்று அர்த்தம். திரை 4கே என்று அர்த்தம் இல்லை! அதேபோல 'வைட்வைன் எல்1' வசதி இல்லாத டேப்லெட்டில், திரை எவ்வளவு ஷார்ப்பாக இருந்தாலும் நெட்பிளிக்ஸ் ஹெச்.டி. தரத்தில் ஓடாது.

கடையிலேயே டெஸ்ட்

கடைக்காரர் ஓடவிடும் கலர் கலரான டெமோ வீடியோவை நம்பாதீங்க. அதில் எந்த திரையும் பளபளன்னுதான் தெரியும். தமிழ் பாடப்புத்தக பக்கம் ஒன்றை முழுசாக திறக்கச் சொல்லுங்க. பெரிசாக்காமலே ரெண்டு சுழி 'ன', மூணு சுழி 'ண' தனித்தனியாக தெரியுதா? தெரிந்தால் அந்த திரை போதும். மிச்சப் பணத்தை ரேம், பேட்டரிக்குப் போடலாம்.