உல்லாஸ்நகரை மீண்டும் கட்ட முடியுமா?

ஊர்கள் பிறக்கும் வகை பல. ஆற்றங்கரையில் பிறந்தவை சில; கோயிலைச் சூழ்ந்து வளர்ந்தவை சில. மும்பைக்கு வடகிழக்கே, கல்யாணை அடுத்துள்ள உல்லாஸ்நகரோ போரினால் பிறந்து பிரிவினையால் வளர்ந்த ஊர்.

இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர் தங்குவதற்கென்று அங்கே கல்யாண் முகாம் அமைக்கப்பட்டது. 1947இல் நாடு பிரிவுற்றபோது, சிந்துவிலிருந்து வந்த அகதிகள் பல்லாயிரவர் அம்முகாமில் குடியமர்த்தப்பட்டனர். 1949 ஆகஸ்டு 8ஆம் நாள், அந்நாளில் கவர்னர் ஜெனரலாக இருந்த நம் இராஜாஜி அவர்கள் புதிய நகருக்கு அடிக்கல் நாட்டினார். முகாம் மறைந்தது; ஆயினும் ஒன்று முதல் ஐந்து வரையிலான முகாம் எண்களைச் சொல்லித்தான் மக்கள் இன்றும் தங்கள் பகுதியைக் குறிப்பிடுகின்றனர்.

படைவீரருக்காகக் கட்டிய நீண்ட கொட்டகைகள் தடுப்பு வைத்துக் குடும்பங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. வந்தவர்கள் வணிகத்தில் வல்லவர்கள். முன்புறம் கடை, பின்புறம் அடுப்படி என்று வாழத் தொடங்கினர். துணிக்கடைகளும், மரச்சாமான் கடைகளும், ஜீன்ஸ் தைக்கும் பட்டறைகளும் பெருகின. இடம் போதாதபோது மேலே ஒரு தளம், அதற்கும் மேலே மற்றொரு தளம் என எழுப்பினர். ஏறத்தாழ 13 சதுர கிலோமீட்டர் பரப்பில், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். வரைபடத்தில் குடியிருப்புக்கு ஒரு நிறமும் தொழிலுக்கு ஒரு நிறமும் தீட்டலாம். உல்லாஸ்நகரின் தெருவில் அவ்விரு நிறங்களும் ஒரே வீட்டில் கலந்து கிடக்கின்றன.

இவ்வாறு எழும்பியவற்றுள் பல, அனுமதி பெறாதவை. 855 கட்டடங்களை இடிக்க வேண்டுமென்று பம்பாய் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அத்தனை குடும்பங்களும் எங்கே போவார்கள் என்ற கேள்வி எழவே, கட்டணம் பெற்றுக்கொண்டு அவற்றை முறைப்படுத்த வகைசெய்யும் தனிச்சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. ஆனால் ஏட்டில் முறைப்படுத்துவதால் கற்காரை வலுப்பெற்றுவிடுமா? 2021 மே மாதத்தில் இரு கட்டடங்களின் தளங்கள் அடுத்தடுத்து இடிந்து விழுந்து பலர் மாண்டனர்.

அவ்வாறாயின் பழையவற்றை இடித்துப் புதியன கட்டலாமே எனத் தோன்றும். ஈண்டுதான் கணக்கு குறுக்கிடுகிறது. ஒரு மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் எழுப்பலாம் என்று சட்டம் ஓர் அளவு வகுக்கிறது, அதனை எப்.எஸ்.ஐ. என்பர். எடுத்துக்காட்டாக, 3,000 சதுர அடி மனையில் தளத்துக்கு 2,400 சதுர அடியாக ஐந்து தளங்கள் இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 12,000 சதுர அடி. அதாவது நான்கு மடங்கு. சட்டம் மூன்று மடங்கே அனுமதித்தால் புதிய கட்டடம் 9,000 சதுர அடிதான். இருப்பவர்க்கே இடம் போதாது. நான்கு மடங்கு அனுமதித்தாலும், செலவு செய்யும் கட்டுமானக்காரருக்கு விற்க ஓரடியும் மிஞ்சாது. ஆறு மடங்கு அனுமதித்தால் 6,000 சதுர அடி மிஞ்சும். ஆனால் அத்தனை பேருக்குத் தண்ணீரும், சாக்கடையும், தீயணைப்பு வண்டி நுழையும் வழியும் அக்குறுகிய தெரு தருமா? ஆகவே பல மனைகளை ஒன்றாகச் சேர்த்து, நடுவே அகன்ற சாலை விட்டுக் கட்டுவதே பயன் தரும்.

பல மனைகள் சேர வேண்டுமானால் பலருடைய இசைவு வேண்டும். இசைவு தர உரிமைச் சீட்டு வேண்டும். தாராவியோடு ஒப்பிட்டால் இது விளங்கும். நெல்லைச் சீமையிலிருந்து சென்ற நம்மவர் தோல் பதனிட்டு வாழ்ந்த தாராவியில் நிலத்தின் பெரும்பகுதி அரசுக்கும் மாநகராட்சிக்கும் உரியது. ஆகவே முழுப் பகுதியையும் ஒரே திட்டமாக வகுக்க முடிகிறது. யாருக்கு அங்கேயே வீடு, யாருக்கு வேறிடம் என்பதே அங்குள்ள வழக்கு. உல்லாஸ்நகரிலோ, இடம்பெயர்ந்தோர்க்கு இழப்பீடு வழங்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிலம் பல குடும்பங்களின் கைக்குப் போயிற்று. ‘சனத்’ எனப்படும் உரிமைப் பத்திரம் சிலரிடம் உண்டு, சிலரிடம் இல்லை. பத்திரத்தைத் தெளிவாக்காமல் திட்டத்தைத் தொடங்குவது, அடித்தளம் இல்லாமல் மாடி கட்டுவதை ஒக்கும்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. தரைத்தளத்தில் ஓடும் தையல் எந்திரத்தை இருபதாம் மாடிக்கு ஏற்றினால் துணிக்கட்டு ஏற்றி இறக்கும் கூலியே ஆதாயத்தை விழுங்கிவிடும். சாயப்பட்டறைக் கழிவோ வால்துனி ஆற்றைக் கெடுத்தது. அதனைப் பழையபடி விடவும் இயலாது. பட்டறைகளுக்குத் தரைத்தளமும், பொதுவான கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். உரிமையாளர்க்கு மட்டும் கணக்குப் பார்த்தால், அங்கே வாடகைக்குத் தங்கி உழைக்கும் பிற மாநிலத்துத் தொழிலாளி விடுபட்டுப் போவான்.

பொறியியலும் சட்டமும் பொருளியலும் பயிலும் நண்பர்கள் நம்மிடையே பலர் உளர். நாளை இத்தகைய வரைபடங்கள் அவர்கள் மேசைக்கு வரும். எத்தனை மாடி என்று கேட்குமுன், நிலம் யாருடையது, அங்கே உழைப்பவர் யார், அவர் மறுநாள் காலையில் எங்கே வேலை செய்வார் என்று அவர்கள் கேட்பார்களாக.