கண் ஏமாறுகிறது, காது ஏமாற மறுக்கிறது!

கூடத்தின் நடுவில் ஒரு பெண் நிற்கிறாள். கறுப்புப் பெட்டி ஒன்று அவள் கண்களை முழுதும் மூடியிருக்கிறது. தலையைச் சுற்றி ஒரு பட்டை.

காலடியில் இருப்பது வெறும் தரைதான். ஆனால் கால் நகர மறுக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. "ஐயோ, விழப் போகிறேன்!" என்று அலறுகிறாள். சுற்றி இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

அவள் கண்ணுக்குத் தெரிவதோ வேறு. வானளாவிய மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்து ஒரு பலகை நீட்டிக்கொண்டு இருக்கிறது. அதன் நுனியில் அவள் நிற்கிறாள்! கீழே மோட்டார் கார்கள் எறும்பு போல் ஊர்கின்றன.

2016-ம் ஆண்டு முதல் மேல்நாட்டு வீடுகளில் நடந்து வரும் வேடிக்கை இது. இந்தக் கருவிக்கு "விர்ச்சுவல் ரியாலிட்டி" கருவி என்று பெயர். இல்லாத உலகத்தை இருப்பது போலவே காட்டும் கருவி என்று பொருள்.

இரண்டு கண், இரண்டு படம்

இது எப்படி வேலை செய்கிறது? நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

ஒரு விரலை முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். வலது கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு இடது கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தெரியும். இரண்டு கண்ணும் இரண்டு விதமாகப் பார்க்கின்றன. மூளை இரண்டையும் சேர்த்து, "இது கிட்டே இருக்கிறது, அது எட்ட இருக்கிறது" என்று முடிவு செய்கிறது.

கருவியும் இதைத்தான் செய்கிறது. வலது கண்ணுக்கு ஒரு படம், இடது கண்ணுக்குச் சற்றே மாறிய இன்னொரு படம். மூளை ஏமாந்து விடுகிறது!

இத்துடன் முடிந்தால் கவலை இல்லை. தலையைத் திருப்பினால் படமும் திரும்ப வேண்டும். மேலே பார்த்தால் வானம் தெரிய வேண்டும். குனிந்தால் தரை தெரிய வேண்டும். அதுவும் உடனே தெரிய வேண்டும்.

சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. இந்தக் கருவிக்கு அது போதாது. 2016-ல் வந்த கருவிகளில் ஒவ்வொரு கண்ணுக்கும் வினாடிக்கு 90 படங்கள். இரண்டு கண்ணுக்கும் 180! சினிமாப் படமாவது முன்பே எடுத்து வைத்தது. இதுவோ, தலை திரும்பத் திரும்ப அந்த நொடியிலேயே கம்ப்யூட்டர் வரைந்து தரும் படம்.

கம்ப்யூட்டர் சற்றே பிந்தினால் என்ன ஆகும்? தலை சுற்றும். வயிற்றைப் புரட்டும். சிலருக்கு வாந்தியே வந்துவிடும்.

காரணம் காது! காதின் உட்பகுதியில்தான் உடம்பின் அசைவை அறியும் உறுப்பு இருக்கிறது. "நாம் ஓடுகிறோம்" என்கிறது கண். "இல்லை, சும்மாதான் நிற்கிறோம்" என்கிறது காது. மலைப் பாதையில் பஸ்ஸில் போகும்போது புத்தகம் படித்தால் குமட்டுகிறதே, ஏறக்குறைய அதே சங்கடம்தான்.

கூரையில் தொங்கிய கருவி

கருவி புதிது; எண்ணம் பழையது. அமெரிக்காவில் மார்ட்டன் ஹைலிக் என்ற சினிமாக்காரர் 1962-லேயே ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆசனத்தில் உட்கார்ந்தால் மோட்டார் சைக்கிளில் போவது போலப் படம் தெரியும். ஆசனம் அதிரும். முகத்தில் காற்று வீசும். தெருவின் வாசனை கூட வரும்! ஆனால் பணம் போட முதலாளிகள் முன்வரவில்லை.

1968-ல் ஐவன் சதர்லாண்ட் என்ற விஞ்ஞானி, தலையைத் திருப்பினால் படமும் மாறும் கருவியைச் செய்து காட்டினார். தலை அசைவை அளக்கும் இரும்புக் கை கூரையில் இருந்து தொங்கியது. அதற்கு "டமாக்ளஸின் வாள்" என்று பெயர் வைத்தார்கள். ஒற்றை மயிரிழையில் தலைக்கு மேலே தொங்கிய வாள் பற்றிய கிரேக்கக் கதை உண்டு அல்லவா? அந்த வாள்தான்! கண்ணுக்குத் தெரிந்ததோ வெறும் கோடுகளால் ஆன பெட்டி. அன்றைய கம்ப்யூட்டரால் முடிந்தது அவ்வளவே.

1995-ல் ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி ஒரு கருவியை விற்றது. எல்லாம் சிவப்பாகவே தெரிந்தது. தலைவலி என்று பலர் முறையிட்டார்கள். மறு ஆண்டே கடையைக் கட்டியது.

இவர்கள் யாருக்கும் அறிவு குறைவு இல்லை. வேகமான கம்ப்யூட்டர்தான் இல்லை.

கார் கொட்டகையில் பிறந்த கோடி

கலிபோர்னியாவில் பால்மர் லக்கி என்ற வாலிபர், பெற்றோர் வீட்டுக் கார் கொட்டகையில் பழைய கருவிகளைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார். 2012-ல் தம் கருவிக்காகப் பொது மக்களிடம் 2½ லட்சம் டாலர் கேட்டார். வந்து குவிந்ததோ சுமார் 24 லட்சம் டாலர்! 2014-ல் பேஸ்புக் கம்பெனி 200 கோடி டாலருக்கு அவர் கம்பெனியை வாங்குவதாக அறிவித்தது.

2016 மார்ச்சில் கருவி விற்பனைக்கு வந்தது. விலை 599 டாலர். வீட்டில் இருந்த சாதாரணக் கம்ப்யூட்டரில் மாட்டியவர்கள் ஏமாந்தார்கள். படம் வேகமாக வரையும் தனி அட்டை வைத்த கம்ப்யூட்டர் வேண்டும். இரண்டும் சேர்ந்த ஜோடி 1,499 டாலரில் தொடங்கியது. குதிரையை விடக் கொட்டகைக்குச் செலவு அதிகம்!

கம்ப்யூட்டரே தேவைப்படாத கருவி 2019-ல் 399 டாலருக்கு வந்தது. கம்ப்யூட்டரைக் கருவிக்குள்ளேயே சுருக்கி வைத்துவிட்டார்கள். 2024-ல் ஆப்பிள் கம்பெனி கொண்டுவந்த கருவியின் விலை 3,499 டாலர். எடை அரைக் கிலோவுக்கும் மேல். மூக்கின் மேல் அதைச் சுமந்துகொண்டு எவ்வளவு நேரம் சினிமா பார்ப்பது?

விலை குறைந்தாலும் ஒரு குறை தீரவில்லை. டெலிவிஷன் என்றால் பாட்டி முதல் பேரன் வரை ஒன்றாக உட்கார்ந்து பார்க்கலாம். இதில் பார்ப்பவர் ஒருவர். மற்றவர்கள் அவர் மேசையில் இடித்துக்கொள்ளாமல் காவல் இருக்க வேண்டும்! சுவரை நெருங்கினால் கண் முன் எச்சரிக்கைக் கோடு தோன்றும் ஏற்பாடு உண்டு. குறுக்கே ஓடும் குழந்தையை அது தடுக்குமா?

குழந்தைகள் மாட்டிக்கொள்ளலாமா என்பது பெற்றோரின் முதல் கேள்வி. 13 வயது ஆகாதவர்களுக்குக் கூடாது என்றுதான் பேஸ்புக் கம்பெனி முதலில் விதி வைத்தது. 2023-ல் பெற்றோர் மேற்பார்வையில் 10 வயது என்று தளர்த்தியது. குழந்தையின் கண் மூன்று வயது முன்னதாக முதிர்ந்துவிட்டதா என்ன?

வெந்த உடம்புக்குப் பனி

விளையாட்டுக்கு வெளியே இந்தக் கருவி செய்த வேலை ஒன்று உண்டு. அது கேட்பவரை நெகிழ வைக்கும்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டை அவிழ்த்துப் புண்ணைச் சுத்தம் செய்யும் நேரம் நரக வேதனை. வலி குறைக்கும் மருந்துகள் கொடுத்தும் வலி தீருவதில்லை.

வாஷிங்டன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஹண்டர் ஹாப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற இரு மனநூல் வல்லுநர்கள் நோயாளிகளுக்கு இந்தக் கருவியை மாட்டினார்கள். பிறகு தீக்காயக்காரர்களுக்கென்றே ஓர் உலகத்தையும் செய்தார்கள்.

அங்கே எங்கும் பனி. பனிமலைகளுக்கு நடுவே நோயாளி மிதந்து போவார். பனி உருண்டைகளை எடுத்துப் பனி பொம்மைகள் மேல் வீசுவார். வெளியே நர்சு புண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

கருவி இல்லாதபோது பட்ட வலியை விடக் குறைவான வலியே தெரிந்தது என்று நோயாளிகள் கூறினார்கள். மூளையைப் படம் எடுத்தும் பார்த்தார்கள். வலியை உணரும் பகுதிகளில் வேலை குறைந்திருந்தது! மூளைக்கு ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் முழுக் கவனம் வைக்க முடிவதில்லை. பனி உருண்டை வீசுவதில் ஈடுபட்ட மூளைக்குப் புண்ணைக் கவனிக்க நேரம் போதவில்லை.